தேத்தண்ணி போட வைத்த தங்கச்சிக்கு

இடுப்பெலும்பு முறிந்து ஒப்பரேஷன் முடிந்த அம்மாவை, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் லண்டன் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கையில் வோக்கிங் ஃபிரேமும் ஒரு பை மருந்தும். அடுத்த நாள் காலை, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நீங்கள் வந்தீர்கள்.

ரீஏபிள்மென்ட் என்று சொன்னார்கள். இங்கிலாந்தில் 6 வாரம் வரை காசு வாங்காமல் வீட்டுக்கே வந்து, ஆளைத் தன் வேலையைத் தானே செய்யப் பழக்கும் சேவை. எனக்கு அது அப்போது விளங்கவில்லை. அம்மா சட்டை போடத் திணறும்போது நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றதைப் பார்த்து, உண்மையைச் சொன்னால், எரிச்சல்தான் வந்தது.

மூன்றாவது வாரம் அம்மா தானாகவே தேத்தண்ணி போட்டார். ஆனால் இரண்டு கையும் ஃபிரேமில். கோப்பையை எப்படி மேசைக்குக் கொண்டுபோவது? குசினியிலேயே நின்று குடித்திருக்கிறார். நான் கவனிக்கவே இல்லை. நீங்கள் கவனித்து, யாரும் கேட்காமலே தெரப்பிஸ்டிடம் சொல்லி, சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்றை எடுப்பித்துத் தந்தீர்கள். அப்புறம், இங்கிலிஷில் இருந்த உடற்பயிற்சித் தாளைப் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனீர்கள்.

கடைசி நாள் நான் வேலையில். நன்றிகூடச் சொல்லவில்லை. இதை எங்காவது பார்த்தால், தங்கச்சி, அம்மா இப்போது ஃபிரேம் இல்லாமல் நடக்கிறார். காலைத் தேத்தண்ணி எனக்கும் அவர்தான் போடுகிறார். சீனி மட்டும் கொஞ்சம் கூடிப்போகும்.