ஓய்வுநாள் ஐக்கிய விருந்துக் குழு: 2024ஆம் ஆண்டறிக்கை

போதகர் ஐயா அவர்களுக்கும், மூப்பர்களுக்கும், கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால் மாதத்தின் முதல் ஓய்வுநாளாகிய சனிக்கிழமைதோறும் விருந்து நடந்தது. நவம்பரில் மட்டும் மழையால் நின்றது. குழு நான்கு முறை கூடியது.

இவ்வாண்டின் புது முயற்சி பொதுச் சமையல். முன்பெல்லாம் ஒவ்வொரு குடும்பமும் தன் தூக்குச்சட்டியோடு வந்து, தன் வீட்டாரோடு மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டது. எதுவும் கொண்டுவர வழியில்லாதவர்கள் ஆசீர்வாதம் கூறியதுமே தலைகுனிந்து வெளியேறியதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவன் பசியாயிருக்க மற்றவன் முந்திச் சாப்பிட்டதைத்தான் பவுல் கொரிந்து சபையில் கண்டித்தார். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னார். இப்போது எல்லோருக்கும் ஒரே பந்தி, ஒரே சோறு.

ஓய்வுநாளில் நாம் அடுப்பு மூட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததுமே ஓய்வுநாள் தொடங்குவதால், அதற்குள் சமையல் முடிய வேண்டும். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சாய்ந்துவிடுகிறது. சோற்றை உதிரியாக வடித்து, வெள்ளை வேட்டியில் பரப்பி ஆறவிட்டு, தாராளமாக நல்லெண்ணெய் ஊற்றிப் புளிக்காய்ச்சலைக் கலக்கிறோம். மறுநாள்தான் அதற்கு ருசியே கூடுகிறது. மே மாதம் தயிர்ச்சோறு புளித்துப்போனதற்கு நானே பொறுப்பு. ஜூன் முதல் பாலில் குழைத்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்க்கிறோம். மதியத்துக்குள் பதமாகத் தோய்ந்துவிடுகிறது.

ஆனால் இதற்கு ஆள் வேண்டும். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் அட்வென்டிஸ்ட் சபையின் மிஷனரிகள் வருவதற்கு முன்பே, 1857இல் ஆங்கிலிக்கன் மிஷனிலிருந்து பிரிந்து தனிச் சபை கண்ட சட்டம்பிள்ளையைப் பின்பற்றியவர்கள் தூத்துக்குடி மாவட்டத்து இந்த நாசரேத் வட்டாரத்தில் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் வெங்காயம் உரிக்க ஆள் தேடி நான் அலைந்தேன். பந்தியில் இடமில்லாத அளவுக்குக் கூட்டம்; பொழுது சாய்ந்தபின் அண்டா கழுவ மூன்றே பேர், அதில் இருவர் எழுபது வயதைக் கடந்த தாய்மார்.

சந்தாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓய்வுநாளில் பணக் காரியம் பேசக் கூடாது. உங்களில் பலரை நான் பார்ப்பதோ அன்றைக்கு மட்டும்தான். ஆகவே ஞாயிறுதோறும் சைக்கிளில் வீடு வீடாக வந்தேன். "அடுத்த வாரம் பார்ப்போம் அண்ணன்" என்ற பதிலை ஒரே வாசலில் ஆறு முறை கேட்டேன். இயலாதவர்களிடம் ஒருபோதும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். இயன்றும் கொடுக்காதவர்களால்தான் மனம் நோகிறது.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். பற்றாக்குறையைச் சிலர் கைப்பணத்தால் சரிக்கட்டினோம். கணக்குப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது.

போதகர் ஐயாவுக்கும், விறகு தந்த சகோதரருக்கும், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு என்னையே செயலாளராக இருக்கும்படி மூப்பர்கள் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் தவறாமல் வரக்கூடிய நான்கு பேரின் பெயர் கிடைத்தால் சொல்வது எளிதாக இருக்கும். இதுவரை இரவல் வாங்கிய அண்டாவும் இனிக் கிடைக்காது. சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும்.

ஜனவரி 3ஆம் தேதி இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டப்படும். புளியை நான் ஊறவைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்