வேலிப் பொட்டு: நாவல் எழுதும் பெறாமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெறாமகளுக்கு,

நீ அனுப்பிய நாவலின் அச்சுப்படியை இரண்டு தடவை வாசித்து முடித்துவிட்டேன். முதல் தடவை கதைக்காக வாசித்தேன். இரண்டாவது தடவை, முப்பத்தைந்து வருடம் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணிப் பத்திரங்களான உறுதிகளை எழுதிய பழக்கத்தில், பெயர், திகதி, எல்லை, முறை எல்லாவற்றிலும் விரலை வைத்து ஊர்ந்து ஊர்ந்து வாசித்தேன். குடும்ப இரகசியங்களைக் கதையாக்க முனையும் பிள்ளைகள் இப்போது உன்னைப்போலப் பலர் இருப்பதால், உன் பெரியப்பாவாகிய நான் உன் சம்மதத்தோடு இந்தக் கடிதத்தைப் பொதுவில் எழுதுகிறேன்.

உன் கதையை அறியாதவர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மம்மாவின் செத்தவீட்டுக்காக ரொறன்ரோவிலிருந்து மானிப்பாய்க்கு வரும் பேத்தி, பூட்டிக் கிடந்த ட்ரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய கடிதத்தைக் காண்கிறாள். அம்மப்பாவுக்கு மலாயாவில் இன்னொரு குடும்பம் இருந்ததும், சின்னம்மா அம்மம்மாவின் வயிற்றில் பிறக்காமல் 1946இல் மூன்று வயதுக் குழந்தையாக அங்கிருந்து கொண்டுவரப்பட்டவர் என்பதும் முப்பத்தோராம் அத்தியாயத்தில் வெளிப்படுகின்றன. அம்மம்மா சாகுமுன் ஒலிநாடாவில் பேசிவைத்த வாக்குமூலம் ஆறு பக்கத்துக்கு நீள்கிறது. சின்னம்மாவை நீ படைத்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பனம்பழப் பினாட்டை வெட்டிப் பங்கிடும்போது யாரும் சொல்லாமலே ஓரத்துண்டைத் தனக்கென்று அவர் எடுத்துக்கொள்ளும் அந்த இரண்டு வரி, பின்னால் வரும் ஆறு பக்கத்தையும் வேண்டாத பொருளாக்கிவிடுகிறது.

என்னுடைய முக்கியமான மறுப்பு இதுதான். உன் நாவலில் இரகசியம் ஒருவருக்கும் தெரியாத பொருளாகப் பெட்டிக்குள் கிடக்கிறது. எங்கள் ஊர்களில் இரகசியம் என்பது ஒரேயொருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மலாயாவிலிருந்து கப்பலில் வந்து, கொழும்பில் ரயிலேறி, கையில் ஒரு பெண்குழந்தையோடு யாழ்ப்பாணத்தில் இறங்கும் மனிதர் மானிப்பாய் போய்ச் சேருமுன் செய்தி அவருக்கு முன்னே படலையைத் திறந்திருக்கும். பல வருடம் கணவனைக் காணாத மனைவிக்கு மூன்று வயதில் ஒரு பிள்ளை எப்படி வந்தது என்று கணக்குப் பார்க்கத் தெரியாத ஊர் எதுவும் வலிகாமத்தில் இல்லை. எனவே அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட இடாப்பில் தாயின் பெயரை எழுதிய தலைமையாசிரியர், சாதகம் இல்லாத பிள்ளைக்குக் குறிப்பு எழுதித் தந்த சாத்திரியார், கலியாணம் பேசி வந்தவர்களிடம் வாயைத் திறக்காத அயல் வீட்டு மாமி எல்லோரும் உன் கதையின் பாத்திரங்கள். நீ அவர்களில் ஒருவரையும் உள்ளே விடவில்லை.

1707இல் ஒல்லாந்தர் காலத்தில் அவர்களுடைய அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, ஊர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஏற்றுக்கொண்ட தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டத்தில், பிள்ளை இல்லாதவர்கள் பிள்ளை எடுத்து வளர்க்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. உரிமையுள்ள சகோதரர்கள் சம்மதித்து விரல் தோய்த்த மஞ்சள் நீரை, உறவினரும் அயலவரும் பார்த்திருக்க, எடுப்பவர்கள் குடிக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு மகள் இருக்கும் உன் அம்மம்மாவுக்கு இந்த விதி நேராகப் பொருந்தாதுதான். ஆனாலும் அந்த மஞ்சள் நீர்ச் செம்பை நினைத்துப் பார். யார் விரல் தோய்த்தார், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்தில் நின்றார் என்பதில் ஒரு அத்தியாயம் இருக்கிறது.

இனித் திகதிகளுக்கு வருகிறேன். 1943 ஐப்பசியில் மலாயாவின் ஈப்போ நகரிலிருந்து அம்மம்மாவுக்குக் கடிதம் வந்ததாக எழுதியிருக்கிறாய். 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போவும் 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூரும் ஜப்பானியரிடம் வீழ்ந்தன. 1945 செப்டெம்பர் வரை அங்கிருந்து வழக்கமான தபாலோ மணியோடரோ இங்கே வரவில்லை. இதைப் பிழை பிடிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த மூன்றரை வருட மௌனத்தைப் போன்ற பொக்கிஷம் ஒரு நாவலாசிரியைக்குக் கிடைப்பது அரிது. மலாயாக் காசை நம்பியிருந்த வீட்டில், கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், பொட்டு வைப்பதா விடுவதா என்று ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன்னால் முடிவெடுத்த பெண்கள் இங்கே இருந்தார்கள். நீ அந்தக் காலத்தை ஒரு பொய்யான கடிதத்தால் நிரப்பிவிட்டாய்.

அதே காலத்தில், 1944இல், அம்மம்மா தன்னுடைய சீதனக் காணியில் நாலு பரப்பை விற்று வீட்டை நடத்துகிறார் என்கிறாய். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியையும் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி அப்போது விற்க முடியாது. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையைப் பெற வேண்டியிருந்தது. ஆகவே உன் அம்மம்மா, முப்பது வயதில், சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நீதிமன்றத்தில் நின்று, "அவர் எங்கை இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து அந்த மனிதர் குழந்தையோடு படலையில் வந்து நிற்கும்போது, அவர் அறியாத இந்த வாக்கியம் அவளுடைய கையில் இருக்கிறது. அவருடைய இரகசியம் ஒன்று, அவளுடையது ஒன்று என்று கதை அப்போதுதான் சமநிலைக்கு வரும்.

உறுதிகளைப் பற்றி நான் அதிகம் பேசினால் பெரியம்மா சிரிப்பார். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முதியவர் ஒரு பெண்ணுக்கு நன்கொடை உறுதி எழுத வந்தார். காணியின் பெயர், பரப்பு, நாலு எல்லை, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் எல்லாம் எழுதி முடிந்த பின், "பிள்ளை உங்களுக்கு என்ன முறை?" என்று நொத்தாரிசு கேட்டார். முதியவர் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேண்டியவள் எண்டு போடுங்கோ" என்றார். சாட்சிக்கு வந்த இரண்டு பேரும் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த உறுதியின் ஒரு படி நொத்தாரிசிடமும் இன்னொரு படி காணிப் பதிவகத்திலும் இருக்கும். கட்டணம் கட்டித் தேடினால் யாரும் பார்க்கலாம். உன் பேத்தி பெட்டியை உடைக்காமல் பதிவகத்துப் படியேறினால், அம்மாவின் சீதன உறுதியையும் சின்னம்மாவின் சீதன உறுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் அம்மம்மாவின் முதுசொமும் (பரம்பரையாக வந்த சொத்து) மற்றதில் அம்மப்பாவின் தேட்டம் (உழைத்துத் தேடிய சொத்து) மட்டும் இருப்பதைக் கண்டு, தானே விளங்கிக்கொள்வாள்.

பெட்டியே வேண்டுமென்றால் 1995ஆம் ஆண்டு யுத்த இடப்பெயர்வைத் தாண்டி அதை நீ கொண்டுவர வேண்டும். அக்டோபர் 30ஆம் திகதி மாலையில் எல்லோரும் வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, வலிகாமம் முழுவதும் மழைக்குள் செம்மணி வழியாக நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. உன் நாவலில் அதற்கு இரண்டு வரி. அந்த இரவில் ஒரு கிழவியால் சுமக்கக்கூடியது ஒரு சின்னப் பை. அதற்குள் உறுதி, நகை, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், மருந்து என்று வைத்தபின் மிஞ்சும் இடத்தில் அந்தக் கடிதத்தை அவர் வைத்தாரா, விட்டுப்போனாரா? விட்டுப்போனால், அடுத்த வருடம் திரும்பி வந்து பார்க்கும்போது வீடு திறந்து கிடந்து, கடிதம் மட்டும் எப்படி மிஞ்சியது? கொண்டுபோனால், நனைந்த பையைப் பிரித்துக் கொடிகாமத்தில் யாருடையவோ விறாந்தையில் காயவைத்தவர் யார்? சின்னம்மாதானே அவர் கூடப் போனவர். சின்னம்மா அந்தக் கடிதத்தை வெயிலில் விரித்துக் காயவைத்து, மடித்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பப் பைக்குள் வைத்திருந்தால், உன் முப்பத்தோராம் அத்தியாயம் இருபது வருடம் முன்னால் நடந்து முடிந்துவிடுகிறது.

வாக்குமூலத்தை எடுத்துவிடு. அம்மம்மா தலைமுறையில் யாரும் அப்படிப் பேசியதை நான் கேட்டதில்லை. "உது பழைய கதை, இப்ப என்னத்துக்கு" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அதற்குப் பதிலாக, செத்தவீட்டுக்குப் பின் வரும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தை வை. வம்சாவளியில் யாருடைய பெயருக்குக் கீழ் யாருடைய பெயர் வருகிறது என்பதில் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் நடக்கும் சண்டையை நீயே எத்தனை தடவை கேட்டிருப்பாய்.

கடைசியாக, வேலி. உன் நாவலில் எல்லா வீட்டுக்கும் மதில் இருக்கிறது. மதில்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் காசோடு வந்தவை. அதற்கு முந்திய கிடுகு வேலியில், இரண்டு வீட்டுப் பெண்கள் தெருவுக்கு இறங்காமலே போய்வரப் பொட்டு என்று ஒரு சின்ன இடைவெளி இருக்கும். நெருப்பு, உப்பு, செய்தி எல்லாம் அதனூடாகத்தான் போகும். அடுத்த தடவை வேலி அடைக்கும்போது அந்தப் பொட்டையும் சேர்த்து அடைத்துவிட்டால், ஏன் என்று இரண்டு வீட்டிலும் யாரும் கேட்கமாட்டார்கள். பூட்டிய பெட்டியைவிட அடைத்த பொட்டு எங்களுக்கு நன்றாக விளங்கும்.

எங்கள் கொக்குவில் வளவின் வடக்கு வேலியிலும் அப்படி ஒன்று இருந்தது. உன் அப்பா பிறந்த வருடம் அடைபட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு நீ வரும்போது பழைய உறுதியை எடுத்து வைக்கிறேன். வடக்கெல்லையில் எழுதியிருக்கும் பெயரை வாசித்துவிட்டு என்னிடம் கேள். பெரியம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கேள்.

அன்புடன்,
பெரியப்பா
கொக்குவில்