மலைக்கு இந்தப் பக்கம்

ஆயிர் ஈத்தாம், பினாங்கு
டிசம்பர்

அன்புள்ள முருகேசு,

அங்கே மழை எப்படி? கிளந்தான் ஆறு ஏறுகிறது என்று செய்தியில் கேட்டாலே உன் வீட்டு வாசற்படிதான் நினைவுக்கு வருகிறது. 2014 வெள்ளத்தில் நீங்கள் மாடியில் உட்கார்ந்திருந்ததை மறக்க முடியுமா? இங்கே காலையில் கொடியில் போட்ட துணி மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. எல்லாம் நடுவில் படுத்திருக்கும் தித்திவங்சா மலைத்தொடரின் வேலை. தென்சீனக் கடல் காற்று சுமந்து வரும் மழையைப் பெரும்பாலும் உங்கள் கிழக்குப் பக்கமே கொட்டிவிட்டு, முக்கால்வாசி வெறுங்கையோடு எங்களிடம் வருகிறது.

உன் மகள் கல்யாணத்துக்குக் கிரிக் வழியாக வந்தோமே, மேலே ஏற ஏறப் பனிமூட்டம், இரண்டு பக்கமும் காடு. 1982-இல் அந்தச் சாலை திறக்கும்வரை இங்கிருந்து கோத்தா பாருவுக்கு நேர்வழியே கிடையாது. தாய்லாந்துக்குள் புகுந்து வர வேண்டும், இல்லையென்றால் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டும்.

பந்தியில் நீ சொன்னாயே, "இந்த ஊரில் நம்மாட்கள் இவ்வளவுதான்" என்று. திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை. நம் ஜனம் ஏன் மலைக்கு இந்தப் பக்கமே தங்கிவிட்டது? மலையின் கருங்கல்லை மழை காலங்காலமாக அரித்ததில், கனமான ஈயமணல் இந்தப் பக்கம் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் படிந்தது. ஈயத்தை ஏற்றத்தான் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகத்துக்கு நாட்டின் முதல் தண்டவாளம். ரயில் போன பக்கமெல்லாம் பின்னால் ரப்பர் வந்தது. பால் வெட்ட நம்மாட்கள் வந்தார்கள். கடலும் தோதாக இருந்தது. சுமத்திரா தீவு சுவர்போல் மறைப்பதால் மலாக்கா நீரிணையில் வருடம் முழுக்கக் கப்பல் வரும். உங்கள் கடலிலோ இந்த மாதங்களில் மீன்பிடிப் படகே இறங்கத் தயங்கும். தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது எந்தக் கரையில் இறங்குவோம் என்று அவர் யோசித்திருக்கவே மாட்டார். அதை மலையும் கடலும் எப்போதோ முடிவு செய்துவிட்டன.

சுவர் என்றேன், அதையும் முழுக்க நம்ப முடியாது. 2004-இல் சுனாமி சுமத்திராவைச் சுற்றிக்கொண்டு வந்து பினாங்கில் 50 பேருக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரி பத்து பெரிங்கி கடற்கரை மணலில் கால் வைப்பதில்லை.

சரி, தைப்பூசத்துக்கு வருகிறாய்தானே? தண்ணீர்மலைக்குச் சேர்ந்தே ஏறுவோம். அப்புறம் ஒருநாள் கொடிமலைக்கும் போவோம், ரயிலில்தான், என் முழங்காலுக்கு நடை ஆகாது. மீன் கெரோப்போக் மறக்காதே. கிரிக் சாலையை இருட்டுவதற்குள் தாண்டிவிடு, யானை குறுக்கே வரும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சேகர்