உப்புப் பாக்கெட்டில் எழுதிய தேதி

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கலாம் என்றால், உன் நலம் போன கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. ரத்த அழுத்தம் 150-க்கு 96, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். "உப்பில்லாமல் தின்று நூறு வயசு இருந்து என்ன செய்யப் போகிறேன்" என்று இரண்டு பக்கத்துக்குப் புலம்பியிருக்கிறாய். முதலில் சிரித்தேன். அப்புறம் அந்த எண்ணைத் திரும்பப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

விடுதியில் நீ சாப்பிடுவது எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. தட்டு வந்ததும், ஒரு வாய் வைத்துப் பார்ப்பதற்குள் உப்புக் குப்பியைக் கவிழ்த்துவிடுவாய். ஒருநாள் நாங்கள் மூடியைத் தளர்த்தி வைத்தோம். அவித்த முட்டைமேல் உப்பு பொலபொலவென்று கொட்டியது. நீ அசரவே இல்லை. மேலாகத் தட்டிவிட்டு, தின்று முடித்து, "இன்னிக்குத்தான்டா சரியா இருக்கு" என்றாய். உன்னிடம் உப்பைக் குறை என்று சொல்ல நேர்ந்த டாக்டரை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

ஒரு விஷயம் உன்னிடம் மறைத்துவிட்டேன். போன வருடம் எனக்கும் இதே கதைதான். 148-க்கு 94. அந்த டாக்டரும் "உப்பைக் குறையுங்க" என்றார். எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்று சொல்லவில்லை. நான் ஒன்றும் அதிகம் போடுவதில்லையே என்றுதான் எனக்கும் தோன்றியது. எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது. சரி, கணக்குப் பார்த்துவிடுவோம் என்று, புதிதாக உடைத்த ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டின்மேல் பேனாவால் தேதி எழுதி வைத்தேன். வீட்டில் மூன்று பேர். இருபத்தேழாம் நாள் பாக்கெட் காலி. வகுத்துப் பார், ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 கிராமுக்கு மேல் வருகிறது. வடித்துக் கொட்டிய தண்ணீரில் கொஞ்சம், ஓட்டுச் சட்டி தேய்த்ததில் கொஞ்சம் என்று கழித்தாலும் பத்துக்குக் குறையாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. உலகச் சராசரியே அதைப்போல இரண்டு மடங்கு என்கிறார்கள். நாம் ஒன்றும் விதிவிலக்கில்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். ரத்தக்குழாய்க்கு அந்த ஆறுதல் புரியாது.

அப்புறம் மகள் சமையலறை அலமாரியைத் திறந்து, "பாக்கெட்டை மட்டும் எண்ணினால் போதுமாப்பா?" என்று கேட்டாள். உறைகளில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. எங்கள் பிரெட் உறையில் 100 கிராமுக்கு 440 மில்லிகிராம் சோடியம், அதாவது 1.1 கிராம் உப்பு. நான்கு துண்டு தின்றால் ஒன்றரை கிராம் வந்துவிடுகிறது. பிரெட் என்றைக்காவது உனக்குக் கரித்திருக்கிறதா? அதுதான் சங்கதி. சிப்ஸில் உப்பு மேலே தூவியிருப்பதால் நாக்கில் பட்டதும் தெரிகிறது. பிரெட், பிஸ்கட், சீஸ், சாஸ் இதிலெல்லாம் உள்ளே கரைந்து கிடக்கிறது, நாக்குக்குத் தெரிவதில்லை. பாக்கெட் சூப் ஒரு கிண்ணம் 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தது. நான்கு துண்டு பிரெட், ஒரு கிண்ணம் சூப். நாளுக்குரிய அளவில் ஏறக்குறைய முக்கால்வாசி, நான் உப்புச் சிமிழைத் தொடுவதற்கு முன்பே தீர்ந்துபோகிறது.

உனக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். தலைவலிக்குத் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரை சாப்பிடுவாயே, இன்னும் அதே பழக்கம்தானா? அந்த நுரைக்காகச் சேர்ப்பதே பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடாதான். ஒரு மாத்திரையில் 400 மில்லிகிராம் அளவுக்குக்கூட இருப்பதுண்டு. ஒரு கிராம் உப்புக்குச் சமம். உன் டாக்டரிடம் இதையும் சொல். சாதாரண மாத்திரைக்கு மாற்றிக்கொடுப்பார்.

இனி குறைத்த கதை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சமையல் என் கையில் என்பது உனக்குத் தெரியும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் கை அளவை நிறுத்தினேன். டீஸ்பூனில் எடுத்து, கத்தி முதுகால் தலையைச் சீவிப் போடுவது. குவித்துப் போடுவதற்கும் தலை சீவிப் போடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தராசில் வைத்தபோதுதான் விளங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை குறைத்தேன். ஒன்றரை மாதம் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கே கொஞ்சம் திமிர் வந்துவிட்டது. ஒரே நாளில் பாதியாக்கினேன். அன்றைக்கு என் மனைவி முதல் வாயிலேயே கரண்டியைக் கீழே வைத்து, "உப்புப் போட மறந்துட்டீங்களா, இல்லை ஏதாவது விரதமா?" என்றாள். திட்டம் வெளியே வந்துவிட்டது.

ஆனால் அதுவும் நல்லதாகவே முடிந்தது. அதன்பின் ஓர் ஒப்பந்தம்: பாத்திரத்தில் பாதி, மேசையில் உப்புச் சிமிழ், வேண்டியவர் தன் தட்டில் போட்டுக்கொள்ளலாம். இது ஏமாற்று வேலை, கடைசியில் அதே அளவுதான் உள்ளே போகும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. 1987-இல் வெளியான ஓர் ஆய்வில் சாப்பாட்டில் சோடியத்தைப் பாதியாக்கி, மேசையில் உப்பை இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள விட்டார்கள். குறைந்ததில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அவர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளவில்லை. காரணம் எளிது. மேலே கிடக்கும் பரல் நேராக நாக்கில் விழுகிறது. உள்ளே வெந்தது கரைந்து பரவிவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், உன் குப்பியை யாரும் பிடுங்க வேண்டாம். நீ எப்போதும் மேலே தூவுகிற ஆள், அது உனக்குச் சாதகம். அடுப்பில் குறை. தட்டில் போட்டுக்கொள், ஆனால் ஒரு வாய் சுவைத்துப் பார்த்த பிறகு.

இரண்டு மாதம் கழித்து வெளியே சாப்பிடப் போனோம். வழக்கமாக நான் விரும்பிக் குடிக்கும் அதே சூப். வாயில் வைத்தால் கடல்நீர். செய்தவர் கைதவறிவிட்டார் என்று நினைத்தேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கைதவறவில்லை, எங்கள் நாக்குதான் மாறியிருந்தது. பழகச் சில வாரம் ஆகும் என்று படித்ததை நான் நம்பியிருக்கவில்லை. இப்போது தக்காளியை வெட்டி அப்படியே தின்றால் அதில் ஓர் இனிப்பும் புளிப்பும் இருப்பது தெரிகிறது. எலுமிச்சையைக் கடைசியில் பிழிவது, மிளகை அப்போதைக்கப்போது இடிப்பது, பூண்டை நன்றாகச் சிவக்க வறுப்பது, இவை உதவின. ஆனால் இவையெல்லாம் உப்புக்கு ஈடாகிவிடும் என்று சொன்னால் நம்பாதே. உப்பு கசப்பை அமுக்குகிற மாதிரி எதுவும் அமுக்குவதில்லை. கசப்புக் கீரையில் நான் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நடுவில் ஒரு கூத்து. கல்லுப்பில் அளந்து பழகிய கை, ஒருநாள் அதே கரண்டியால் தூள் உப்பை அள்ளிப் போட்டுவிட்டது. கல்லுப்பில் இடைவெளி அதிகம், கரண்டிக்கு எடை குறைவு. தூள் கெட்டியாக அடைந்துவிடும். சூப் வாயில் வைக்க முடியவில்லை. உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்வார்களே, போட்டோம். உருளைக்கிழங்கும் கரித்தது, சூப்பும் கரித்தது. தண்ணீர் சேர்த்து இரண்டு மடங்காக்கி, இரண்டு நாள் குடித்தோம்.

இந்துப்புக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருந்தாய். நிறம் அழகுதான். ஆனால் அதுவும் ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடே. ரத்த அழுத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது. பெரும்பாலும் அயோடினும் சேர்த்திருக்க மாட்டார்கள். குறைவாகப் போடும் உப்பு அயோடின் சேர்த்ததாகவே இருக்கட்டும். பொட்டாசியம் கலந்த உப்பு வேறு விஷயம். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். முக்கால் பங்கு சாதா உப்பு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்ததைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் நீ டாக்டரைக் கேட்காமல் அதை வாங்காதே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் உடம்பில் ஏறி இதயத் துடிப்பையே குழப்பிவிடலாம். உன் மாத்திரை எந்த வகை என்று எனக்குத் தெரியாது.

மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் நிறுத்தவில்லை. இப்போது 132-க்கு 84 என்று காட்டுகிறது. மாத்திரையால் கொஞ்சம், நடையால் கொஞ்சம், உப்பைக் குறைத்ததால் கொஞ்சம். எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. சாயங்காலம் காலில் காலுறைத் தடம் பதிந்து கிடக்குமே, அது மறைந்துவிட்டது. உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் கூடவே போய்த் தங்கும் என்பதை அந்தத் தடத்தில்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் கடைசிப் பாக்கெட் 54 நாள் வந்தது. ஆளுக்கு 6 கிராம் சொச்சம். வீணாகிற கொஞ்சத்தைக் கழித்தாலும், பிரெட்டையும் சேர்த்தால் இன்னும் அந்த 5-க்குள் வரவில்லை. பிரெட்டை மாற்றிப் பார்ப்பதாக மகள் சொல்லியிருக்கிறாள். வீட்டிலேயே சுட்டுப் பார்த்தாள், முதல் இரண்டும் செங்கல்.

தங்கச்சியிடம் சொல்லி இன்றைக்கே உங்கள் பாக்கெட்டில் தேதி எழுதிவை. தீர்ந்ததும் எத்தனை நாள் என்று எழுது. அடுத்த மாதம் இரண்டு பேரும் வருவதாகச் சொன்னீர்களே, கட்டாயம் வாருங்கள். சமையல் நான்தான். மேசையில் உனக்கென்று தனிக் குப்பி வைக்கிறேன். மூடியை இறுக்கியிருக்கிறேனா இல்லையா என்பது வந்தால் தெரியும்.

இப்படிக்கு,
உன் பழைய விடுதி அறைத் தோழன்