ஸஅபா வீட்டுத் திண்ணையில் ஒரு மேசை போடுங்கள்

மலாய்மொழி அறிஞர் ஸஅபாவின் நினைவில்லமான 'தெராத்தாக் ஸஅபா'வை நடத்தும் பெரியோர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு மலாய்மொழி சொல்லிக் கொடுத்தவன். நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்ததால் பத்து கிக்கிரும், ஸஅபா பிறந்த புக்கிட் கெர்டாஸும் எனக்குப் பக்கத்து ஊர்தான்.

வீட்டைப் பற்றி எனக்குக் குறை ஏதுமில்லை. 'தெராத்தாக்' என்றால் குடில். தன் வீட்டைத் தாழ்த்திச் சொல்லும் பணிவான சொல். அந்தப் பெயரே அவருக்குப் பொருத்தம். என் ஆசை வேறு. நினைவில்லம் என்றாலே புகைப்படம், பட்டம், விருது என்று சுவர் நிறைந்துவிடுகிறது. ஸஅபா செய்த வேலையோ சுவரில் மாட்டக் கூடியதல்ல. அது எழுத்து வேலை. அதைக் கையால் எழுதிப் பார்த்தால்தான் புரியும்.

அவர் பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழில் 'ஸஅபா' என்று எழுதினால் சபா மாநிலமா என்று கேட்கிறார்கள். ஸைனல் ஆபிடின் பின் அகமது என்ற பெயரை ஜாவியில், அதாவது மலாய்மொழிக்கான அரபு எழுத்தில் எழுதி, முதலெழுத்துகளை மட்டும் எடுத்தால் ஸை, ஐன், பா, அலிப். அதுதான் ஸஅபா. ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில் மலாயை எழுதும்போது, நடுவே மேலே நிற்கும் அந்தச் சின்னக் குறிதான் ஐன். இதை ஒரு பிள்ளைக்குத் தாளில் எழுதிக் காட்டிப் பாருங்கள், வாழ்நாளுக்கும் மறக்காது.

அப்புறம் எழுத்துமுறை. ஆங்கிலேய அதிகாரி வில்கின்சன் 1904-இல் வகுத்த ரூமி எழுத்துமுறையைச் செப்பனிட்டு 1924-இல் ஸஅபா தந்த முறையில்தான் மலாய்ப் பள்ளிகள் பல பத்தாண்டுகள் எழுதின. 'சாக்காப்' என்ற சொல் அன்று சி, எச் என்று தொடங்கும். இன்று வெறும் சி. அன்று 'கம்போங்', இன்று 'கம்புங்'. (தமிழில் நாம் இன்னும் கம்போங் என்றே எழுதுகிறோம்; பேச்சில் அது கம்பமே ஆகிவிட்டது.) 1972 ஆகஸ்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து புதிய எழுத்துமுறையை அறிவித்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. பழைய பாடநூலில் ஒரு மாதிரி, கரும்பலகையில் வேறு மாதிரி. எது சரி என்று தெரியாமல் நாங்கள் திண்டாடினோம். பின்னாளில் தமிழில் துதிக்கை வைத்த 'லை' போய்ப் புது 'லை' வந்தபோதும் அதே திண்டாட்டம்தான்.

ஸஅபா 1973 அக்டோபரில் காலமானார். ஆக, தாம் செதுக்கிய எழுத்துமுறை அதிகாரபூர்வமாக விலக்கப்பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். நினைவில்லத்தில் எந்தப் பதக்கத்தை விடவும் இந்த ஓராண்டு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனவே செராம்பியில், அதாவது திண்ணையில், ஒரு மேசை போடுங்கள். வருகிறவர் தம் பெயரையும் ஊர்ப்பெயரையும் மூன்று விதமாக எழுதட்டும்: ஜாவியில், ஸஅபா முறையில், இன்றைய முறையில். ஜாவி தெரியாதவருக்கு எழுத்துப் பட்டியல் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும். 'பெலித்தா பஹாசா மெலாயு'விலிருந்து ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி வையுங்கள். பெலித்தா என்றால் விளக்கு. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் 1924 முதல் 1939 வரை பணியாற்றியவர் எழுதிய இலக்கணம் அது. ஆசிரியர் கை பட்ட நூல் என்பது படித்தால் தெரியும்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்தால் மகிழ்வேன். முன்னொட்டும் பின்னொட்டும் சேர்த்துச் சொல் கட்டுவதில் அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். கப்பல், கடை, கட்டில், பெட்டி நான்கும் மலாயில் கப்பால், கெடாய், காத்தில், பெத்தி என்று நடமாடுவதைக் காட்டினால் பயம் பாதி குறையும். இது ஸஅபாவின் கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டில் சொல்லத் தகுந்த செய்தி, அவ்வளவுதான்.

மேசைக்கு முதல் பொருள் என்னிடம் உண்டு: பழைய எழுத்துமுறையில் அச்சான இரண்டு பாடநூல்கள். ஒன்றுக்கு அட்டை இல்லை, இன்னொன்றில் என் அண்ணன் மை கொட்டியிருக்கிறார். வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
பகாவ் பக்கத்து ஓர் ஆசிரியர்