பெயர் சொல்லாமல் சென்ற பெரியவருக்கு நன்றி

கோவையில் குப்பைமேடாகக் கிடந்த தெருமுனையை எங்கள் தோட்டக் கழகத்தினர் துப்புரவு செய்து, செம்பருத்தியும் இட்லிப்பூவும் கறிவேப்பிலையும் நட்டு, பள்ளிப் பிள்ளைகளையும் வரவழைத்திருந்த சனிக்கிழமையன்று, தண்ணீர் வண்டி வராததால் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். மிதிவண்டியில் அவ்வழியே வந்த தாங்கள், எதிர்வீட்டில் கேட்டு வாங்கி 14 குடம் தண்ணீர் சுமந்து ஊற்றினீர்கள்.

அத்துடன் நில்லாமல், கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம்போல் ஒட்டியிருந்த புழுவைத் தட்டிவிடப்போன எங்களைத் தடுத்து, அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு என்றும், பறவைகளை ஏமாற்றவே அந்தத் தோற்றம் என்றும், வளர்ந்தபின் பச்சையாகிவிடும் என்றும் பிள்ளைகளுக்கு விளக்கினீர்கள். நாங்கள் அச்சிட்ட கையேட்டில் அந்தப் பாடம் இல்லை. பூச்சிமருந்து தெளிக்கத்தான் சொல்லியிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பெயரைக் கேட்பதற்குள் கிளம்பிவிட்ட தங்களுக்குக் கழகத்தார் அனைவரின் மனமார்ந்த நன்றி. தாங்கள் விட்டுச்சென்ற துண்டு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.