அடிக்கிழங்கை வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

குங்குமப்பூ இனங்களின் பழைய ஓவியங்களை அச்சிடும்போது, இடம் போதவில்லை என்று அடிப்பகுதியை வெட்டிவிடுவது பெரிய இழப்பு. ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் ஜார்ஜ் மா, குங்குமப்பூ சேர்ந்த குரோக்கஸ் பேரினத்தைப் பற்றி 1886இல் வெளியிட்ட நூலின் ஓவியங்களைப் பாருங்கள்: மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கின் தோலையும் விடாமல் வரைந்திருக்கிறார். சில இனங்களில் அது வலைபோல் பின்னிய நார். சிலவற்றில் வளையம் வளையமாக உரியும். பூவின் நிறம் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும் என்பதால், இனம் பிரிக்க இந்தத் தோல்தான் நம்பகமான அடையாளம்.

குங்குமப்பூ என்று, பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் கொல்சிகம் என்ற வேறு செடியின் படத்தைப் போடுவது இன்னும் மோசம். நம் செங்காந்தள் கிழங்கிலுள்ள அதே கொல்சிசின் நஞ்சு அதில் உண்டு. மகரந்தத்தாள்களை எண்ணுங்கள்: குரோக்கஸுக்கு மூன்று, கொல்சிகத்துக்கு ஆறு.

- வாசகர், உதகமண்டலம்